ஈரம் காய்வதற்குள்

கண்ணாடிக் கதவை இழுத்தாள் கலாமணி. வரவில்லை. கை ஈரம், அதனால் வழுக்குகிறது என்று நைட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தாள். பிடி கையோடு கழன்று வந்துவிடும் போலிருந்ததே தவிரக் கதவு அசையவில்லை. உள்பக்கம் லாக் விழுந்திருக்கிறது. விழுந்திருக்கிறது என்றுதான் மனசு முதலில் சொன்னது, யாரும் போட்டதில்லை, தானாக விழுந்தது, போன வருஷம்கூட ஒருதரம் வேகமாகச் சாத்தியபோது அந்தச் சின்ன இரும்பு நாக்கு டக்கென்று கீழே இறங்கிக்கொண்டது, மகள் ஹரிணி உள்ளே இருந்து வந்து திறந்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சாத்தினது கலாமணியின் கை. இன்றைக்கு அவள் சாத்தவில்லை. நாலு விரல் இடைவெளி விட்டுவிட்டுத்தான் பால்கனிக்கு வந்தாள், தினமும் அப்படித்தான், உள்ளே கணவர் சென்னியப்பன் இருமினால் கேட்க வேண்டும், சோபா கிரீச்சிட்டால் கேட்க வேண்டும், பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்க வேண்டும். நாலு விரல். இன்றைக்கும் விட்டேனா. விட்டேன். புழுதி உள்ளே போகும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்தாலும் விட்டேன். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயை உடைத்துக்கொண்டு வந்து நேராக இந்த நாலாவது மாடியில்தான் மோதுகிறது, சாத்தினால் என்ன என்று தோன்றியது நேற்றா இன்றைக்கா. காற்று அடித்துச் சாத்தியிருக்கும். தள்ளுகதவைக் காற்று சாத்துமா? கீல் போட்ட கதவென்றால் சாத்தும். தடத்தில் ஓடுகிற கதவைக் காற்று எப்படிப் பிடித்து இழுக்கும், காற்றுக்குக் கை இருக்கிறதா. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணின் இரு பக்கமும் வைத்துக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வெங்காயம் நறுக்கினார்கள். சோபாவில் அவர் உட்கார்ந்திருந்த பள்ளம் இருந்தது. அவர் இல்லை.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். கண்ணாடி அவள் மூச்சை வாங்கி வெள்ளையாகப் படர்ந்தது. துடைத்துவிட்டு மறுபடி, "ஏனுங்க! கதவு லாக்காயிருச்சுங்க!" என்று தட்டினாள். மெதுவாகத்தான் தட்டினாள். சத்தமாகத் தட்டினால் பயந்துகொள்வார், பயப்படுத்தக் கூடாது, பதறக் கூடாது, வீட்டில் குரல் உயரக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாத்ரூமுக்குப் போயிருப்பார். பாத்ரூமில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பக்கெட், சொம்பு, சோப்பு, துண்டு. பினாயில் பாட்டில் எதிர் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறது. பிளேடு, ரேஸர் எல்லாம் சித்திரையிலேயே எடுத்தாகிவிட்டது, கத்தரிக்கோல்கூட அவள் பீரோவில், சேலைக்கடியில். தாழ்ப்பாளைக் கழற்றிவிடச் சொல்லி ஆசாரியைக் கூப்பிட்டபோது அவர் ஸ்க்ரூக்களைக் கீழே விழாமல் உள்ளங்கையில் வாங்கி வாங்கி ஆசாரியிடமே கொடுத்தார். அந்தக் கை. இருபத்தாறு வருஷம் மோட்டார் பம்பு கம்பெனியில் வார்ப்புக்கு அச்சு செய்த கை. அந்தக் கையை ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியோடு சேர்த்து வைத்து அவள் ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு, எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள், மாமனார் கேட்டார், கொழுந்தன் கேட்டான், கடனா, தொடுப்பா, வேலையில் பிரச்சினையா என்று. ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை என்பதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. நல்லபடியாகச் சாப்பிட்டு, மகளிடம் போனில் பேசி, கைகழுவிவிட்டுப் போன மனுஷன் உயிரை விடப் பார்த்தார். பார்த்தார், போகவில்லை, அவள் அன்றைக்குக் கடைக்குப் போன வழியிலேயே பையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினாள். பையை மறக்காமல் இருந்திருந்தால். இந்த இடத்துக்கு வந்தால் மனசு அங்கேயே கால் மாட்டிக்கொள்ளும். மஞ்சள் துணிப்பை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதை மறக்காமல் இருந்திருந்தால்.

இதை வாங்காமல் இருந்திருந்தால் என்றும் இப்போது தோன்றியது. தலைக்கு மேலே கம்பியில் ஏழெட்டுக் கூடைகள் காற்றில் முட்டிக்கொண்டு ஆடின. வாண்டா, ஆர்க்கிட் வகை. மண் கிடையாது, தொட்டி கிடையாது, மரச்சட்டக் கூடைக்குள்ளே செடியை வெறுமனே செருகியிருக்கும், வேர் முழுக்க வெளியே, இரண்டு முழம் மூன்று முழம் என்று காற்றில் தொங்கிக்கொண்டு. பார்க்கிறவர்கள் எல்லாம், இதென்னங்க, பிடுங்கிப் போட்ட மாதிரி இருக்குது, இது எப்படிப் பொழைக்குது என்பார்கள். பொழைக்கும். ஈரம் வேண்டும். நனைத்தால் வேர் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளிச் சாம்பல் நிறம் ஆகும், அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. எந்நேரமும் ஈரமாக வைத்தாலும் அழுகிவிடும். நனைய வேண்டும், காய வேண்டும், மறுபடி நனைய வேண்டும். குருத்துக்குள் சொட்டுத் தண்ணீர் தங்கக் கூடாது. போர்த் தண்ணி ஆகாது, உப்பு ஏறி வேர்முனை கருகிவிடும், மழைத் தண்ணி பிடித்து வைத்தாள், அது தீர்ந்தால் குடிக்கிற தண்ணி. சித்திரைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு. சித்திரைக்குப் பிறகு இந்தக் கால் மணி நேரம்தான் ஒரு நாளில் அவள் முதுகை அந்த மனுஷனுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிற நேரம். அதற்காகத்தான் வந்தாளோ. வேருக்காக இல்லை, முதுகுக்காக. காலையில் ஒரு தரம் நனைத்தாகிவிட்டது. ஆடிக் காற்று, பதினோரு மணிக்குள் காய்ந்துவிடும் என்று மறுபடியும் வந்தாள், காயாவிட்டாலும் வந்திருப்பாள். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்து இருந்து அவளுக்குக் கண் வலித்தது, கண்ணின் பின்னால், மண்டைக்குள்ளே ஒரு இடத்தில் வலித்தது. இங்கே வந்து இந்தக் கொச்சக் கயிறு மாதிரித் தொங்குகிற வேர்களை அள்ளிப் பக்கெட்டுக்குள் விட்டு, சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகிறதைப் பார்ப்பாள். பார்க்கும்போது எதையும் நினைக்க மாட்டாள். அந்த நினைக்காத நேரத்தில்தான் லாக் விழுந்திருக்கிறது.

மறுபடி தட்டினாள், இந்தத் தடவை பலமாக, கைமுட்டியால். டிவியில் வெங்காயம் பொன்னிறமாகிவிட்டது. பாத்ரூமுக்குப் போய் எவ்வளவு நேரம் இருக்கும். செல்போன் டிவிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் அவளிடம் இருந்தது ஒரு பக்கெட், ஒரு குவளை, செடிக்கு உரமாகக் கலக்கிற மீன் கரைசல் பாட்டில், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ். கண்ணாடியை உடைக்கலாமா. எதை வைத்து உடைப்பது, பக்கெட் பிளாஸ்டிக். உடைத்தால் சில்லு, வீடு முழுக்கச் சில்லு, அந்தச் சில்லுகளை அவர் பார்க்கிற மாதிரி, குனிந்து ஒன்றை எடுக்கிற மாதிரி கண்ணுக்குள் வந்தது, வேண்டாம், உடைக்கக் கூடாது. ஒருவேளை படுக்கையறைக்குப் போய்ப் படுத்துவிட்டாரோ. மாத்திரை அசத்தும். படுத்தால் எழுப்பினாலும் எழ மாட்டார். அப்படியானால் லாக்? சாதாரணமாகப் போட்டிருப்பார், புழுதி வருகிறதே என்று. நான் வெளியே நிற்பதை மறந்துவிட்டுப் போட்டிருப்பார். மறந்துவிட்டு. அல்லது மறக்காமல்.  மறக்காமல் என்றால், நான் உள்ளே வரக் கூடாது என்று. நான் உள்ளே வரக் கூடாது என்றால். அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தாள். "என்னங்க! என்னங்க! ஏனுங்க!" டாக்டரம்மா சொன்னது எங்கோ போய்விட்டது. அடித்துக்கொண்டே தலையைத் திருப்பியவள், ஏன் திருப்பினாள் என்று தெரியாது, காற்று முடியைக் கொண்டுவந்து வாய்க்குள் போட்டது, அதைத் துப்புவதற்காக இருக்கும், திருப்பியவள் கீழே கேட்டைப் பார்த்தாள். கட்டம் போட்ட நீலச் சட்டை. வேட்டி. பின்மண்டையில் காற்றுக்கு எழுந்து நிற்கிற நரைமுடி. செருப்புப் போட்டிருந்தார். கேட்டருகே நின்று, தெருவுக்கு வந்த புது ஆள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால்கனிக் கம்பியில் வயிறு அழுந்த எக்கி நின்று கத்தினாள். காற்று அவள் வாயிலிருந்து சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டு கிழக்கே, பின்பக்கத்து வீடுகள்மேல் கொண்டுபோய்ப் போட்டது. அவர் திரும்பவில்லை. வாட்ச்மேன் நாற்காலி காலியாகக் கிடந்தது. இடது பக்கம் போனால் மெயின் ரோடு, பஸ் ஸ்டாப், கடைகள், ஜனம். வலது பக்கம் போனால் கொஞ்ச தூரம் வீடுகள், அப்புறம் ஒரு வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் குளக்கரை. இடது பக்கம் போங்க, என்று அவள் சொன்னாள், கத்தவில்லை, வாய்க்குள்ளேயே, சாமி கும்பிடுகிற மாதிரி, இடது பக்கம் போங்க, இடது பக்கம் போங்க. அவர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு வலது பக்கம் திரும்பி நடந்தார். நடை மெதுவாக இருந்தது. மூன்று மாசமாக வீட்டுக்குள்ளேயே நடந்த நடை, எட்டு அடிக்கு ஒருதரம் சுவர் வந்துவிடும் என்று நினைத்து நடக்கிற நடை. வேப்பமரத்துக்கு அடியில் போனார், மறைந்தார், மறுபடி தெரிந்தார், பிறகு தெரியவில்லை. அவள் கையில் ஏதோ பிசுபிசுத்தது. பார்த்தால், பக்கத்துக் கூடையின் வேர் ஒன்றைப் பிடித்து இறுக்கியிருக்கிறாள், பஞ்சு மாதிரியான மேல்தோல் முழுக்க உருவிக்கொண்டு கைக்குள் வந்துவிட்டது, உள்ளே இருந்த கம்பி போன்ற நரம்பு மட்டும் காற்றில் ஆடியது. இனி அந்த வேர் குடிக்காது. சனியன். போகட்டும். எல்லாம் போகட்டும். நீதான், நீங்கள்தான், உங்களை நனைக்க வந்துதான்.

கீழே, மூன்றாவது மாடியில் கொடி முழுக்கத் துணி காய்ந்தது. தனபாக்கியத்தின் துணி. வெள்ளைத் துணிகள், ஒரு பழுப்புச் சேலை, தலையணை உறைகள். அந்தம்மாளோடு கலாமணி பேசி ஏழெட்டு மாசம் இருக்கும். மேலே செடிக்குத் தெளிக்கிற தண்ணீர் வடிந்து துணியில் கறை பிடிக்கிறது என்று முதலில் வந்து சொன்னார், பிறகு கத்தினார், பிறகு அசோசியேஷன் வாட்ஸப்பில் கறை பிடித்த தலையணை உறையைப் படம் எடுத்துப் போட்டார். வேரை அந்தரத்துல உட்டுட்டு ஊர்ல இருக்கறவங்க மண்டைல தண்ணி ஊத்தறதுக்குப் பேரு தோட்டமா என்று. அதற்குப் பிறகுதான் கலாமணி டியூபில் தெளிப்பதை விட்டுவிட்டுக் கூடை கூடையாக இறக்கிப் பக்கெட்டில் முக்க ஆரம்பித்தாள், ஒரு சொட்டுக் கீழே விழாமல். இப்போது பக்கெட்டில் முக்கால் அளவு தண்ணீர் இருந்தது, மீன் கரைசல் கலந்தது, நாற்றமெடுத்தது. அவள் யோசிக்கவில்லை. கத்தினால் கேட்காது, இது கேட்கும் என்று கைக்கு முதலில் தெரிந்துவிட்டது. பக்கெட்டைத் தூக்கிக் கம்பிக்கு வெளியே கவிழ்த்தாள். தண்ணீர் காற்றில் சாய்ந்து விரிந்து, பாதி எங்கோ போய், பாதி பொத்தென்று பழுப்புச் சேலைமேல் விழுந்தது. குவளையையும் எறிந்தாள். பிரஷ்ஷை எறிந்தாள்.

"ஏனம்மிணி! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" தனபாக்கியத்தின் முகம் கீழேயிருந்து அண்ணாந்து வந்தது, மூக்குக்கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. "நாங்கேக்கறேன், கொழுப்பா? இப்பத்தான் அலசிப் போட்டேன், மீன் நாத்தம் நாறுது, நாளைக்கு இதைக் கட்டிட்டு நான் கோயிலுக்குப் போவோணும்—"

"அக்கா, திட்டுங்க, பொறவு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. எங்க வீட்டுக்காரரு கீழ எறங்கிப் போயிட்டாருங்க்கா."

"போனா?" தனபாக்கியம் சேலையின் நுனியைப் பிழிந்தார். "பச்சக் கொழந்தையா அவரு? போனா வருவாரு."

"நான் இங்க மாட்டிக்கிட்டேன். கதவு உள்ள லாக்காயிருச்சு. அவரைத் தனியா உடக் கூடாதுங்க்கா."

"ஏன், என்ன, இன்னும் காமாலை சரியாவலையா?"

காமாலை. சித்திரையில் ஆம்புலன்ஸ் வந்ததற்கும் ஒரு வாரம் வீடு பூட்டிக் கிடந்ததற்கும் அவர்கள் குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்த வியாதி அது. கொழுந்தன்தான் சொன்னான், காமாலைன்னு சொல்லிருங்க அண்ணி, யாரும் தோண்ட மாட்டாங்க என்று. இந்தத் தனபாக்கியம், துணிச் சண்டையில் முகம் பார்க்காமல் இருந்தவர், அதைக் கேட்டுவிட்டு வாட்ச்மேனிடம் ஒரு கட்டுக் கீழாநெல்லி கொடுத்தனுப்பினார். கலாமணி அதை வாங்கிச் சமையல்மேடையில் வைத்தாள். அது அங்கேயே வாடியது, அப்புறம் குப்பையில் போட்டாள். இந்தப் பொய்யை ஹரிணியின் சிநேகிதிகளுக்குச் சொன்னாள், பால்காரருக்குச் சொன்னாள், சொல்லிச் சொல்லி அவர் கண்வெள்ளை மஞ்சளாகத்தான் இருக்கிறதோ என்று ஒருநாள் இமையை இறக்கிப் பார்த்தும் இருக்கிறாள். உண்மையான வார்த்தை தொண்டைக்குள் எங்கோ ஓரமாக ஒட்டிக்கொண்டு மூன்று மாசமாகக் காய்ந்து கிடந்தது. அதை எடுக்க வேண்டும். இந்த அம்மாளிடமா. வாட்ஸப்பில் படம் போடுகிற இந்த அம்மாளிடமா. நாளைக்குக் கட்டிடம் முழுக்கத் தெரியும், லிப்டில் எல்லோரும் அவரைப் பார்க்கிற விதம் மாறும், ஹரிணிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யாராவது சொல்வார்கள். அவர் இப்போது வளைவுக்கு எவ்வளவு தூரத்தில் இருப்பார். மெதுவான நடை. மெதுவானாலும் நடை.

"காமாலை இல்லீங்க்கா." குரல் அவளுடையது மாதிரி இல்லை. "சித்திரைல அவரு சாகறதுக்குப் பார்த்தாருங்க. நாங்க வெளிய சொல்லுல. இப்பக் குளத்துப் பக்கமாப் போறாரு."

தனபாக்கியம் ஐயோ என்று சொல்லவில்லை. கடவுளே என்று சொல்லவில்லை. பிழிந்துகொண்டிருந்த சேலை நுனியைக் கையிலிருந்து விட்டார், அவ்வளவுதான்.

"என்ன சட்டை?"

"நீலம். கட்டம் போட்டது. வேட்டி."

முகம் மறைந்தது. உள்ளே எதுவோ உருண்டது, கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கீழே ஸ்கூட்டியில் அந்தம்மாள் தெரிந்தார், பூப்போட்ட நைட்டி, மேலே தோளோடு சுற்றிய துண்டு, காலில் ஒன்றுமில்லை. கேட்டில் வண்டி ஒரு தடவை நின்றது, உதைத்தார், கிளம்பியது, வலது பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரமும் ஏதாவது இருந்தது, தட்டுவதற்குக் கண்ணாடி இருந்தது, கத்துவதற்கு ஆள் இருந்தது. இப்போது தெரு மட்டும் இருந்தது. ஒரு நாய் வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. பள்ளிக்கூட வேன் ஒன்று காலியாகப் போனது. குளத்தில் இப்போது தண்ணீர் நிறைய இருக்கிறது, மேற்கே மழை, நொய்யலில் தண்ணி வந்து குளமெல்லாம் ரொம்பிருச்சு என்று பால்காரர் நேற்றுத்தான் சந்தோஷமாகச் சொன்னார், அதை அவர் சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டாரா. பேப்பரை மடித்து வைத்தார், அது கேட்டதற்கா. நேற்று ராத்திரி ரசத்தை ரெண்டாம் தரம் வாங்கிக்கொண்டார், அது நல்லதற்கா கெட்டதற்கா. சித்திரையிலும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். நன்றாக இருந்தால் பயம், நன்றாக இல்லாவிட்டால் பயம். போன ஞாயிற்றுக்கிழமை தாடியை மிஷினால் மழித்துவிடும்போது, வாரம் ஒருதரம் அவள்தான் மழித்துவிடுகிறாள், மோவாயைப் பிடித்து அண்ணாத்தி வைத்துக்கொண்டு, அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "போதும் புள்ள," என்றார். போதும் என்றால் என்ன போதும். தாடியா. அவள் அன்றைக்கு முழுக்க அந்தப் போதும் என்கிற வார்த்தையை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஹரிணி போன் செய்தபோது சொல்லலாமா என்று பார்த்தாள், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும். மேலே கூடைகள் ஆடி, ஒரு வேர்நுனி அவள் காதில் பட்டது, பட்டு விலகிப் பட்டது, காய்ந்திருந்தது, சொரசொரவென்று. எல்லா வேரும் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. முக்குவதற்குத் தண்ணீர் இல்லை. பக்கெட் அடியில் ஒரு கை அளவு மிச்சம் இருந்தது, அதைக் கையில் ஏந்தி, ஏன் என்று தெரியாமல், காதில் பட்ட அந்த வேரைப் பிடித்துத் தடவினாள். அது கொஞ்சம் பச்சையானது. அப்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை, ஒரே ஒரு நினைப்பு, மிகச் சின்னதாக, யாரும் பார்க்காத நேரத்தில் திருடன் மாதிரி வந்தது. போய்விட்டால் நான் தூங்கலாம். வந்த உடனே அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள், நிஜமாகவே, ஈரக்கையால், பட்டென்று. நான் நினைக்கவில்லை. அது நான் இல்லை. நினைத்தது யார் பின்னே. மூன்று மாசமாக ராத்திரி அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிறவள், மூச்சு ஒன்று தவறினால் எழுந்து உட்காருகிறவள், அவள்தான் நினைத்தாள். சாமி, அதை எடுத்துக்காதே, அது கணக்கில்லை, மாசாணி ஆத்தா, அது கணக்கில்லை.

ஸ்கூட்டி திரும்பி வந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை. கலாமணி முதலில் பார்த்தது அதைத்தான், பின்சீட்டில் யாரும் இல்லை. தனபாக்கியம் கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, ஏதோ சொன்னார். காற்று கொண்டு போய்விட்டது. மறுபடி சொன்னார். பிறகு கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, கழுத்துப் பக்கம் வைத்து இழுத்துக் காட்டினார். ஒருதரம், ரெண்டுதரம். கழுத்தில் கை வைத்து இழுத்தால் அதற்கு உலகத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். கலாமணி சுவரோடு சரிந்து பால்கனித் தரையில் உட்கார்ந்தாள், ஈரம் நைட்டியில் ஏறியது, கம்பிகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. டிவியில் யாரோ கை தட்டினார்கள். பையை மறந்தோமே, மறந்து திரும்பினோமே, அது எதற்கு. எதற்கு அன்றைக்கு மட்டும் திருப்பிவிட்டாய். கீழே எங்கோ அந்தக் கை இன்னும் கழுத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். பார்க்கக் கூடாது. பார்க்காத வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

"அம்மிணி! ஏ அம்மிணி! எங்க போயிட்டே?" மூச்சு வாங்குகிற குரல், பக்கத்தில், நேர் கீழே, மூன்றாவது மாடிப் பால்கனியில். "காது கேக்குதா? சவரம் பண்ணிட்டிருக்காரம்மிணி! வளைவுல சலூன் இருக்குதில்லோ, ரேசன் கடைக்கு எதுத்தாப்ல, அங்க. மூஞ்சி பூராவும் நுரை. நாங் கைல காட்டுனனே, தெரியலையா?"

அவள் கம்பிக்கு இடையில் தலையை நீட்டினாள். 

"நான் ஒண்ணும் பேசுல. உள்ளயும் போவுல, ஆம்பளைங்க சலூன்ல நான் என்ன பண்றது. ரேசன் கடைல நம்ம வாட்ச்மேன் நின்னான், அவனைக் கண்ணு வெச்சுக்கடான்னு சொல்லிட்டு வந்துட்டேன். வந்துருவாரு." தனபாக்கியம் கொடியிலிருந்து நனைந்த பழுப்புச் சேலையை உருவ ஆரம்பித்தார். "அந்த மூதேவித் தண்ணில என்ன கலந்து தொலையறே? கறை போவுமா போவாதா, அதைச் சொல்லு."

"போயிருங்க்கா," என்றாள் கலாமணி. "வெந்நில போட்டாப் போயிரும்." 

அவர் கேட்டுக்குள் நுழைவதை அவள் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். முன்கதவுச் சாவி திரும்புகிற சத்தம் கேட்காது, ஆனால் கேட்டது மாதிரி இருந்தது. அவர் உள்ளே வந்தார். டிவியை அணைத்தார். அணைத்துவிட்டுத்தான் வந்தார், அதை அவள் பிற்பாடு மறக்கவேயில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மழமழவென்று முகம், காதோரம் ஒரு பொட்டுப் பவுடர், கன்னம் ஒட்டிப்போய் எலும்பு தெரிந்தது. மூன்று மாசத்தில் இவ்வளவு வயசாகியிருந்ததை மிஷின் விட்டுவைத்த அந்தக் குட்டைத் தாடி மறைத்து வைத்திருந்திருக்கிறது. இரும்பு நாக்கை மேலே தள்ளினார். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது, எந்தக் கஷ்டமும் இல்லாமல்.

"காத்துல லாக்காயிருச்சுங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் அவருக்காகவே தயார்செய்து வைத்திருந்தாள். ஆமா என்று சொன்னால் போதும்.

"இல்ல. நாந்தான் போட்டேன்."

அவள் அடித்தாள். ஈரக்கையால் அவர் மார்பில், தோளில், எங்கே விழுகிறது என்று பார்க்காமல். "போட்டீங்களா? போட்டீங்களா நீங்க? நான் அங்க செத்துட்டிருக்கறேன், நீங்க சவரம் பண்ணப் போனீங்களா? என்ன மனுசன் நீங்க? ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா? ஊரெல்லாம் சொல்லிட்டேன், போங்க, அந்தக் கீழ் வீட்டுக்காரிகிட்டக் காமாலையில்லன்னு சொல்லிட்டேன், போங்க!" குரல் உடைந்து உச்சிக்குப் போயிற்று. சித்திரைக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை. அவளே அதைக் கேட்டாள். உடம்பு சரியில்லாதவரிடம் பேசுகிற குரல் இல்லை அது, சம்பளத்தில் தங்கச்சிக்குக் கொடுத்ததை மறைத்ததற்காகவும் ஹரிணியின் ஸ்கூல் விழாவுக்கு வராமல் போனதற்காகவும் ஒரு காலத்தில் கத்தினாளே, அந்தக் குரல். சென்னியப்பன் நகரவில்லை. அடிகளை வாங்கிக்கொண்டு நின்றார், சட்டையில் அவள் விரல்கள் ஈரமாகப் பதிந்திருந்தன.

"சொன்னா நீயும் கூடவே வருவே," என்றார். "சலூன்ல வந்து பெஞ்சுல உக்காந்துக்குவே. நீ என் மூஞ்சியப் புடிச்சு வழிக்கறப்பல்லாம் எனக்குப் பொணத்துக்குப் பண்ற மாதிரி இருக்குது புள்ள. ஒருவாட்டி ஒரு நாசுவர்கிட்டத் தலையக் குடுத்துட்டு உக்காரோணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் கை நின்றது. அவர் அவளைத் தாண்டி, ஆடிக்கொண்டிருந்த கூடைகளைப் பார்த்தார், காலியான பக்கெட்டைப் பார்த்தார்.

"வளைவுல ஒரு நிமிசம் நின்னேன்," என்றார். "பொய் சொல்லக் கூடாதில்ல. குளத்துப் பக்கம் தண்ணி தெரிஞ்சுது. நின்னேன். பொறவு ரோட்டைத் தாண்டிச் சலூனுக்குப் போனேன்."

இதைக் கேட்டால் தான் விழுந்துவிடுவோம் என்று அவள் மூன்று மாசமாக நினைத்திருந்தாள். விழவில்லை. கால்கள் இருந்தன, தரை இருந்தது. ஒரு நிமிஷம் நின்றார், பொறவு போனார். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் அங்கே இல்லை, யாரும் இல்லை, ஸ்கூட்டிகூட அப்போது வந்திருக்காது. அவராகத்தான் ரோட்டைத் தாண்டியிருக்கிறார், வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டியிருப்பார், அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. கீழே தனபாக்கியம் வீட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"இனிமே போறதுன்னா சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

"சொன்னா உடுவியா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மோவாயில் ஒரு இடத்தில் கத்தி லேசாகக் கீறிச் சிவந்திருந்தது, படிகாரம் வைத்திருந்தார்கள். வேறு யாரோ வைத்த கத்தி, வேறு யாரோ வைத்த படிகாரம்.

"உடறேன்," என்றாள். சொல்லி, அவர் தலையசைத்துவிட்டு முகம் கழுவப் போன பிறகுதான், அது பொய்யா நிஜமா என்று யோசிக்க ஆரம்பித்தாள்.